நீதிபதிக்கு ஓட்டும் நான் போட்ட ஐந்து மதிப்பெண்ணும்



மகள் வீட்டிலிருந்து ஊர் திரும்பிய நாள் முதல் பலர் கேட்டுவிட்டீர்கள், "அமெரிக்காவைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே டீச்சர்?" என்று. அங்குள்ள பாலமும் கடையும் பனியும் உங்களில் பலர் என்னைவிட அதிகம் பார்த்தவர்கள். அந்த ஆறு மாதத்தில் என் மனதில் தங்கிப் போனது ஒரு வாக்குச்சீட்டு. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டி வரும். முப்பத்தாறு வருடமாக வெளியில் சொல்லாத விஷயம். அதனால்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். பதிவு நீளம்தான். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

மகள் இருப்பது மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் கவுன்டியில். கவுன்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம்தான் அவளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. 2024 நவம்பர் 5ஆம் தேதி அவளுக்கு முதல் ஓட்டு. பத்து நாளுக்கு முன்பே மாதிரி வாக்குச்சீட்டை அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துவிட்டாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி பக்கத்தில் ஒரு பேனா, ஒரு காபி.

நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஜனாதிபதி, செனட்டர், ஆளுநர் என்று மேலே இருந்ததெல்லாம் புரிந்தது. கீழே போகப் போக வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரே கேள்வி: இந்த நீதிபதி பதவியில் தொடரலாமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கட்சிப் பெயர் இல்லை, சின்னம் இல்லை, எதிர்த்து நிற்பவர் இல்லை. பட்டியல் நீண்டுகொண்டே போனது.

"என்னடி இது, நீதிபதிக்கு ஓட்டா?" என்றேன்.

"ஆமாம்மா. இவங்க நல்லா வேலை பாத்தாங்களான்னு நாங்க சொல்லணும்."

"உனக்கு இவங்களைத் தெரியுமா?"

"ஒருத்தரைக்கூடத் தெரியாது. அதான் உக்காந்திருக்கேன்."

நம் ஊரில் நீதிபதி என்றால் எட்ட நின்று பார்க்கிற ஆள். எங்கோ மேலே ஒரு குழு கூடும், பெயர் போகும், உத்தரவு வரும். உங்களையும் என்னையும் யாரும் கேட்பதில்லை. அங்கேயோ, வாசல் தெளிக்கிற பெண்மணியிடமும் போய்க் கேட்கிறார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை.

மாப்பிள்ளை எனக்கு விளக்கிச் சொன்னார். "அத்தை, இங்க ரெண்டு வகை நீதிமன்றம் இருக்கு. வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட் மாதிரி மத்திய அரசோட நீதிமன்றம் வேற. அதுக்கு ஜனாதிபதி பேர் சொல்வார், செனட் சரின்னு சொல்லணும், அப்புறம் ஆயுள் முழுக்க பதவி. ஆனா கொலை, கொள்ளை, விவாகரத்து, வாடகைத் தகராறு, இப்படிப் பெரும்பாலான வழக்கு நடக்கிறது மாநில நீதிமன்றத்துல. அதுக்கு ஐம்பது மாநிலமும் ஆளுக்கொரு வழி வச்சிருக்காங்க."

சில மாநிலங்களில் கட்சி சார்பாகவே நீதிபதி தேர்தலில் நிற்கிறார். சில மாநிலங்களில் கட்சிப் பெயர் இல்லாமல் நிற்கிறார். சிலவற்றில் ஆளுநர் நியமிக்கிறார். தென் கரோலினாவிலும் வர்ஜீனியாவிலும் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. மிசூரி மாதிரி மாநிலங்களில் முதலில் நியமனம், பிறகு 'தொடரலாமா' என்று மக்கள் ஓட்டு. ஐம்பதில் ஏறக்குறைய 38 மாநிலங்களில், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏதாவது ஒரு கட்டத்தில் வாக்காளர் முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் ஆரம்பத்திலேயே இருந்ததில்லை. அமெரிக்கா சுதந்திரம் அடைந்தபோது ஆளுநரோ சட்டமன்றமோதான் நீதிபதிகளை நியமித்தார்கள். ஆளுகிறவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களையே உட்கார வைக்கிறார்கள், அப்புறம் அந்த நீதிபதி அவர்களை எப்படித் தட்டிக் கேட்பார் என்று மக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 1832ல் மிசிசிப்பி மாநிலம் எல்லா நீதிபதிகளையும் தேர்தலுக்கு விட்டது. 1846ல் நியூயார்க் அதே வழிக்கு வந்தது. அதற்குப் பிறகு மாநிலம் மாநிலமாக மாறினார்கள். ஆளுகிறவர் கையிலிருந்து நீதிபதியைக் காப்பாற்றத்தான் தேர்தல் வந்தது. இதை நான் நினைத்தே பார்த்ததில்லை.

ஆனால் தேர்தல் வந்தால் கட்சி வரும், கட்சி வந்தால் கட்சியை ஆட்டுவிக்கிற ஆள் வருவார். மிசூரியின் கன்சாஸ் சிட்டியில் டாம் பெண்டர்காஸ்ட் என்று ஒருவர் இருந்தார். எந்த வேலை வேண்டுமானாலும், எந்த ஒப்பந்தம் வேண்டுமானாலும் அவரைப் பார்க்க வேண்டும். அவருக்குப் பிடிக்காத தீர்ப்பு சொன்ன ஜேம்ஸ் டக்ளஸ் என்ற உச்ச நீதிமன்ற நீதிபதியை 1938 தேர்தலில் தோற்கடிக்கப் பார்த்தார்கள். ஆளுநர் லாயிட் ஸ்டார்க் டக்ளஸ் பக்கம் நின்றதால் அது நடக்கவில்லை. அடுத்த வருடமே பெண்டர்காஸ்ட் வருமான வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்குப் போனார். 1940ல் மிசூரி மக்களே ஓட்டுப் போட்டு ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பெயரே மிசூரி திட்டம். பல மாநிலங்கள் பிறகு அதைப் பார்த்துத்தான் எழுதின.

அது இப்படி வேலை செய்கிறது. மேல் நீதிமன்றத்தில் ஒரு இடம் காலியானால் ஏழு பேர் கொண்ட ஒரு குழு விண்ணப்பங்களைப் பார்க்கும். மூன்று பேர் வக்கீல்கள் தேர்ந்தெடுத்த வக்கீல்கள். மூன்று பேர் ஆளுநர் நியமித்த, வக்கீல் அல்லாத பொதுமக்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமை. அவர்கள் மூன்று பெயரைத் தருவார்கள். ஆளுநர் 60 நாளுக்குள் அதில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். புதிய நீதிபதி ஒரு வருடமாவது வேலை பார்த்த பிறகு வரும் பொதுத்தேர்தலில் 'தொடரலாமா' என்ற கேள்வி மக்களிடம் போகும். பாதிக்கு மேல் 'ஆம்' என்றால் முழுப் பதவிக்காலம் கிடைக்கும். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 12 வருடம், கவுன்டி அளவிலான சர்க்யூட் நீதிபதிக்கு 6 வருடம். அது முடிந்தால் மறுபடியும் அதே கேள்வி.

இதில் ஒரு வேடிக்கை. மகளின் தோழி ஒருத்தி, மதுரைப் பெண், பக்கத்து செயின்ட் சார்லஸ் கவுன்டியில் இருக்கிறாள். மிசூரி ஆற்றின் மேல் ஒரு பாலத்தைத் தாண்டினால் அவள் வீடு. அங்கே அவளுக்கு வந்த சீட்டில் சர்க்யூட் நீதிபதிகள் கட்சிப் பெயரோடு நிற்கிறார்கள். செயின்ட் லூயிஸ், கன்சாஸ் சிட்டி மாதிரிப் பெரிய ஊர்களைச் சேர்ந்த சில கவுன்டிகளில்தான் கீழ் நீதிமன்றங்களுக்கு இந்தத் திட்டம். மற்ற இடங்களில் பழைய மாதிரி கட்சித் தேர்தலே நடக்கிறது. ஒரே மாநிலம், ஒரே சட்டம், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை!

சரி, ஊர் பேர் தெரியாத நீதிபதிக்கு எதை வைத்து ஓட்டுப் போடுவது? நீதிபதிகளின் வேலையை மதிப்பிட மிசூரியில் ஒரு குழு இருக்கிறது. வக்கீல்களும் பொதுமக்களும் சேர்ந்த குழு. அந்த நீதிபதி முன்னால் வாதாடிய வக்கீல்களிடமும், ஜூரியாக உட்கார்ந்தவர்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள். பொறுமையாகக் கேட்டாரா, இரு தரப்பையும் ஒரே மாதிரி நடத்தினாரா, தீர்ப்பைத் தெளிவாக எழுதினாரா என்று பார்த்து அறிக்கை தருகிறார்கள். மகள் ஒவ்வொரு பெயராக எடுத்து வாசித்தாள். இரண்டு ராத்திரி ஆனது. நடுவில் பேரன் வந்து, "ஆச்சி, அம்மா என்ன ரிப்போர்ட் கார்டு பாக்குறாங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். உண்மையும் அதுதானே.

இரண்டாம் நாள் ராத்திரி பட்டியலை மடித்து வைத்துவிட்டு மகள் விளையாட்டாகக் கேட்டாள். "ஏம்மா, உனக்கும் இப்படி ஓட்டு வச்சிருந்தா? வருஷா வருஷம் இந்த டீச்சர் தொடரலாமான்னு கேட்டிருந்தா நீ ஜெயிச்சிருப்பியா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் எனக்கு அப்படி ஒரு ஓட்டு உண்மையிலேயே இருந்தது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஆசிரியர் பயிற்சி டிப்ளமா முடித்து நான் முதலில் சேர்ந்த பள்ளியில் என் இடம் தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் நிர்வாகம் புது உத்தரவு கொடுத்தால்தான் வேலை. மே மாதம் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பேன். 1989ல் எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. கையில் குழந்தை. அவருக்கு அப்போது நிலையான வேலை இல்லை. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. எட்டாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்புக்கான புத்தகம், நோட்டு, இரண்டு செட் சீருடை எல்லாம் ஒரு புரவலர் வாங்கிக் கொடுப்பார்.

அந்த வருடம் போட்டி இரண்டு பேருக்குள். ஒருத்தி களையெடுக்கப் போகும் அம்மாவின் மகள். இன்னொருவன் நிர்வாகத்தில் இருந்த ஒருவரின் அண்ணன் மகன். அவனும் நல்ல பையன்தான், அவன் மேல் ஒரு குறையும் இல்லை. மற்றப் பாடங்களின் மதிப்பெண் எல்லாம் வந்துவிட்டது. தமிழ்த் தாள் மட்டும் என் கையில். திருத்தி முடித்தபோது அந்தப் பெண் 431, பையன் 428.

மறுநாள் காலை அந்த நிர்வாகி பள்ளிக்கு வந்தார். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றார். "எப்படி டீச்சர், நம்ம பையன் நல்லா எழுதியிருக்கானா?" என்றார். அவ்வளவுதான். மிரட்டவில்லை. எதையும் கேட்கவில்லை. நலம் விசாரிப்பது போலக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் பையனின் கட்டுரையை மறுபடி எடுத்தேன். முதலில் போட்ட மதிப்பெண்ணை அடித்து ஐந்து கூட்டினேன். நல்ல கட்டுரைதானே, நாம்தான் கறாராகப் போட்டுவிட்டோமோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 433. ஜூன் மாதம் எனக்கு உத்தரவு வந்தது. அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புக்கு யாரோ கொடுத்த பழைய சீருடையில் போனதைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். தோளில் தையல் பிரிந்திருந்தது. என்னைப் பார்த்து, "வணக்கம் டீச்சர்" என்று சிரித்தாள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பணி நிரந்தரம் ஆனது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு மதிப்பெண்ணும் ஆள் பார்த்துப் போட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் நேர்மைக்குப் பின்னால் ஒரு நிரந்தர உத்தரவு இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இதை முதன்முதலாக மகளிடம்தான் அன்று ராத்திரி சொன்னேன். "அந்தக் கைக்குழந்தை நீதான்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்தப் பொண்ணு இப்ப எங்கம்மா இருக்கா?" என்றாள். தெரியாது என்றேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. மீதி நாளெல்லாம் மாப்பிள்ளையின் உதவியோடு இதைப் பற்றியே தேடித் தேடிப் படித்தேன். எனக்கு நடந்தது நீதிபதிகளுக்கும் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நடக்கிறது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் ஓட்டோ காஸ் என்று ஒரு நீதிபதி இருந்தார். ஓட்டை எதிர்நோக்கும் நேரத்தில் பரபரப்பான வழக்கில் தீர்ப்புச் சொல்வது, குளிக்கிற தொட்டியில் ஒரு முதலை இருப்பது போல என்றார். அதை நினைக்காமல் இருக்கத்தான் பார்ப்போம், ஆனால் முதலை அங்கேயே இருக்கும். படித்ததும் எனக்கு அந்த வராந்தா நினைவுக்கு வந்தது. பென்சில்வேனியாவில் நீதிபதிகளுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு முறை இந்தத் 'தொடரலாமா' ஓட்டு உண்டு. ஹூபர், கோர்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே ஆயிரக்கணக்கான தண்டனைகளைப் பார்த்து 2004ல் எழுதினார்கள். ஓட்டு நெருங்க நெருங்க நீதிபதிகள் கொடுக்கும் தண்டனை கடுமையாகிறதாம். யாரும் அவர்களை மிரட்டியிருக்க மாட்டார்கள். இளகிய மனசுக்காரர் என்று பேர் வந்துவிடக் கூடாதே என்ற பயம் போதும். ஆனால் அந்தக் கூடுதல் மாதங்களைச் சிறையில் கழித்தவன் இன்னொருவன்.

மிசூரிக்கு வடக்கே அயோவா மாநிலம். 2009ல் அதன் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்வதைத் தடுக்கும் சட்டம் செல்லாது என்று. அடுத்த வருடம் அந்த ஏழு பேரில் மூன்று பேருக்குத் 'தொடரலாமா' ஓட்டு வந்தது. வெளிமாநில அமைப்புகள் பணத்தைக் கொட்டி 'இல்லை' போடச் சொல்லிப் பிரசாரம் செய்தன. மார்ஷா டெர்னஸ், மைக்கேல் ஸ்ட்ரைட், டேவிட் பேக்கர் மூவரும் பதவி இழந்தார்கள். அவர்கள் பதிலுக்குப் பிரசாரமும் செய்யவில்லை, பணமும் திரட்டவில்லை. நீதிபதி ஓட்டுக் கேட்டு அலைந்தால் நீதிமன்றம் என்ன ஆகும் என்று நினைத்தவர்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றி உங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கலாம். அதற்குள் நான் போகவில்லை. அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்களா என்று கேட்ட சீட்டில், அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடித்ததா என்ற கேள்விக்குப் பதில் எழுதிவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

பணம் இன்னொரு பக்கம். மேற்கு வர்ஜீனியாவில் ஹியூ கேப்பர்டன் என்று ஒரு சிறிய நிலக்கரி வியாபாரி. பெரிய நிலக்கரி நிறுவனமான மாசி தன் தொழிலை அழித்துவிட்டது என்று வழக்குப் போட்டு, 2002ல் 5 கோடி டாலர் நஷ்டஈடு வாங்கினார். மேல்முறையீடு வருவதற்கு முன் 2004ல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தேர்தல் வந்தது. மாசியின் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் சுமார் 30 லட்சம் டாலர் செலவழித்தார். அவர் ஆதரித்த பிரென்ட் பெஞ்சமின் ஜெயித்தார். பிறகு அதே பெஞ்சமின் அந்த வழக்கில் உட்கார்ந்தார். 3க்கு 2 என்று நஷ்டஈடு ரத்தானது. வழக்கு வாஷிங்டன் வரைக்கும் போனது. இப்படிப்பட்ட வழக்கிலிருந்து அந்த நீதிபதி விலகியிருக்க வேண்டும் என்று 2009ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் 5க்கு 4 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில்! வழக்கு திரும்ப வந்து பெஞ்சமின் இல்லாமல் விசாரித்தபோதும் மாசிதான் ஜெயித்தது. ஆனால் பாருங்கள், அதற்குள் யாருக்குத்தான் அந்த நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை மிச்சம் இருந்திருக்கும்?

நான் ஊர் திரும்பும் சமயத்தில், 2025 ஏப்ரல் 1ஆம் தேதி, விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரே ஒரு உச்ச நீதிமன்ற இடத்துக்குத் தேர்தல் நடந்தது. சூசன் கிராஃபோர்டும் பிராட் ஷிமலும் போட்டியிட்டார்கள். சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. ஆனால் யார் எந்தக் கட்சி ஆதரவு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு பக்கத்துச் செலவும் சேர்ந்து 10 கோடி டாலரைத் தாண்டியது. ஈலான் மஸ்க் தரப்பு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல். எதிர்ப்பக்கமும் கோடீஸ்வரர்கள் கொடுத்தார்கள். கிராஃபோர்ட் ஜெயித்தார். பத்து வருடப் பதவி. ஒரு நீதிபதி நாற்காலிக்கு இவ்வளவு பணமா என்று நான் வாயைப் பிளந்தபோது மாப்பிள்ளை சொன்னார், "நாற்காலிக்கு இல்ல அத்தை, அடுத்த பத்து வருஷத் தீர்ப்புக்கு."

இவ்வளவும் படித்த பிறகு, நம் ஊர் முறையே மேல் என்று மகளிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அங்க மட்டும் என்னம்மா? 1993லேருந்து நீதிபதிகளே கூடி நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கறாங்க. பார்லிமென்ட் ஒரு ஆணையம் கொண்டு வந்துச்சு, அதையும் 2015ல செல்லாதுன்னுட்டாங்க. மூடின கதவுக்குள்ள என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா? நல்லாவே நடக்கலாம். ஆனா உனக்குத் தெரியாதில்ல? உன் வேலை அந்த நிர்வாகி கையில இருந்ததுதானே பிரச்சினை? பெத்தவங்க எல்லார் கையிலயும் இருந்திருந்தா? களையெடுக்கப் போற அந்த அம்மா கையிலயும் ஒரு ஓட்டு இருந்திருந்தா?"

நியாயமான கேள்வி. நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின்ட் லூயிஸ் நகரத்துக்குள் கூட்டிப் போனார்கள். அந்த ஊரின் பெரிய வளைவுக்கு எதிரே பழைய நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. மேலே கோபுரம் போலக் குவிமாடம். பழுதுபார்க்கும் வேலைக்காக மூடியிருந்தது. குளிரில் வெளியே நின்றுதான் பார்த்தேன்.

அங்கேதான் டிரெட் ஸ்காட் என்ற அடிமை மனிதர் தன் விடுதலைக்காக வழக்காடினார். அவருடைய எஜமானர், ஒரு ராணுவ டாக்டர், அவரை அடிமைமுறை இல்லாத இல்லினாய்ஸிலும் வடக்கே இன்னொரு பகுதியிலும் வருடக்கணக்கில் வைத்திருந்தவர். சுதந்திர மண்ணில் வாழ்ந்தவன் திரும்பி வந்தாலும் சுதந்திரமானவனே என்று மிசூரி நீதிமன்றங்கள் 1824லிருந்து சொல்லி வந்தன. அதன்படி 1850ல் ஜூரி ஸ்காட்டை விடுவித்தது. எஜமானி மேல்முறையீட்டுக்குப் போனார்.

அந்த மேல்முறையீடு முடிவதற்குள் மிசூரியில் சட்டம் மாறி, 1851ல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் முதன்முறையாக மக்கள் ஓட்டால் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மூன்று பேர். வில்லியம் ஸ்காட், ஜான் ரைலண்ட், ஹாமில்டன் கேம்பிள். 1852ல் 2க்கு 1 என்று தீர்ப்பு வந்தது. காலம் பழைய மாதிரி இல்லை என்று சொல்லி, இருபத்தெட்டு வருட வழக்கத்தைத் தள்ளிவிட்டு, டிரெட் ஸ்காட்டை மறுபடி அடிமை என்றார்கள். கேம்பிள் மட்டும் மறுத்து எழுதினார். அவரும் அடிமைகள் வைத்திருந்தவர்தான். அவரும் அதே தேர்தலில் அதே மக்களிடம் ஓட்டு வாங்கி வந்தவர்தான். ஊரில் காற்று எப்படி அடித்தாலும் சட்டம் மாறவில்லையே என்பது அவர் பக்கம்.

பார்த்தாயா, தேர்தல் நீதிபதி என்றால் இப்படித்தான் என்று மகளிடம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. நியமனமாக இருந்த முந்தைய நீதிபதிகளில் சிலரும் அந்தப் பழைய வழக்கத்தைக் கைவிடும் எண்ணத்தில்தான் இருந்தார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு ஸ்காட்டின் போராட்டம் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே இருந்தவர்கள் ஆயுள் முழுக்கப் பதவி உள்ளவர்கள். யாரும் எடுக்க முடியாத நாற்காலி. 1857ல் அவர்கள் 7க்கு 2 என்று, கறுப்பினத்தவர் இந்த நாட்டின் குடிமக்களே ஆக முடியாது என்று சொன்னார்கள்.

நான் பேசாமல் நின்றேன். ஓட்டுக்குப் பயப்பட வேண்டியவர்களில் ஒருவர் நியாயத்தின் பக்கம் நின்றார். யாருக்கும் பயப்பட வேண்டாதவர்களில் ஏழு பேர் தவறினார்கள். எனக்கு நிரந்தர உத்தரவு இருந்திருந்தால் அந்த ஐந்து மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன் என்றுதான் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டேன். உத்தரவு இல்லாமலும் போடாமல் இருந்திருக்க முடியும். என்னைப் போல் தற்காலிகமாக இருந்த வேறு ஆசிரியைகள் அப்படி இருந்தார்கள். எனக்குத் தெரியும்.

அதற்காக முறை எதுவானால் என்ன என்று நான் சொல்லவில்லை. சாதாரண மனிதர்கள் நியாயமாக நடக்க வேண்டுமென்றால் முதலையைத் தொட்டியிலிருந்து எடுத்தாக வேண்டும். எல்லாரும் கேம்பிள் ஆக முடியாது. நானே ஆகவில்லை. மிசூரி ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, கேள்வி நிதானமாக, இடைவெளி விட்டு வருகிறது என்பது. ஆளை யார் என்று பார்க்க ஒரு குழு, வேலையைப் பார்க்க ஒரு அறிக்கை, கடைசி வார்த்தை மக்களுக்கு. இதுவரை அங்கே ஒரு உச்ச நீதிமன்ற நீதிபதியும் இந்த ஓட்டில் பதவி இழந்ததில்லை. அப்படியானால் ஓட்டு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் நாளைக்கு ஒரு மோசமானவர் வந்தால் ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவை அயோவாவில் நடந்த மாதிரி கோபத்துக்குப் பயன்படுத்தாமல் இருக்கும் பொறுப்பு, பேனா பிடித்தவர் கையில்.

நவம்பர் 5ஆம் தேதி மகள் ஓட்டுப் போட்டு வரும்வரை நானும் பேரனும் காரில் காத்திருந்தோம். வரிசை நீளம். சட்டையில் ஓட்டுப் போட்டதற்கான ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தாள். "கீழே வரைக்கும் எல்லாத்துக்கும் போட்டேம்மா" என்றாள். யாருக்கு என்ன போட்டாள் என்று நான் கேட்கவில்லை. மேலே நான்கைந்து பேருக்குப் போட்டுவிட்டு, நீதிபதிகள் பட்டியல் வந்ததும் அப்படியே விட்டுவிடுபவர்கள் அங்கே நிறைய என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நாட்டில் குடியுரிமை வாங்கியிருக்கும் என் மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சீட்டு வரும்போது அடிப்பகுதியை விடாதீர்கள். ஒரு ராத்திரி உட்கார்ந்து படியுங்கள். பெயரைப் பார்த்து, கட்சியைப் பார்த்து, ஒரு தீர்ப்பின் மேல் இருக்கும் கோபத்தைப் பார்த்துப் போடாதீர்கள். அவர் இரண்டு பக்கத்தையும் கேட்டாரா என்று பார்த்துப் போடுங்கள்.

இன்னொருத்திக்கும் ஒரு வார்த்தை. 1989ல் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தாய். உன் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. உனக்கே தெரியும் நீ யார் என்று. அந்த வருடம் முதலாவதாக வந்தது நீதான் அம்மா. 431. புத்தகமும் சீருடையும் உனக்குச் சேர வேண்டியவை. உன் தோழிகள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். யாராவது இதை உன்னிடம் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன். மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. உன் மதிப்பெண் உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் தமிழ் டீச்சர்